மிளகாயக்காவின் ஒரு பிடி

சாக்குக்குள் கையை விட்டு, கண்ணை மூடி, ஒரு பிடி வற்றல் மிளகாயை அள்ளுகிறாள் மிளகாயக்கா. வெளியே எடுத்ததும் இரண்டு முறை கையைக் குலுக்குவாள். பிடியில் நிற்காதது சாக்கிலேயே விழுந்துவிடும், நிற்பது வாணலிக்குப் போகும். ஒரு வாணலிக்குப் பத்துப் பிடி. எண்ணி முடிக்கும்வரை யார் கூப்பிட்டாலும் பதில் வராது. கூரை தீப்பிடித்தால்கூட அக்கா பத்தாவது பிடிக்குப் பிறகுதான் நிமிர்ந்து பார்ப்பாள் என்கிறார்கள் உடன் வேலை செய்யும் பெண்கள்.

வயது ஐம்பத்து நான்கு. மூக்குக்கண்ணாடி விளிம்பில் எந்நேரமும் மல்லித் தூள். இடுப்பில் ஒரு கைக்குட்டை செருகியிருப்பாள். அது அவளுக்கு இல்லை, "தும்மறவங்களுக்குக் குடுக்க." அவள் தும்மி யாரும் பார்த்ததில்லை. எதிரே வருகிறவர் வீட்டில் அன்று என்ன தாளித்தார்கள் என்பதைச் சட்டை வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்ததை மனதோடு வைத்துக்கொள்ளவும் தெரியாது. "சீரகம் கருகிடுச்சு போல" என்று வழியில் நிறுத்திச் சொல்வாள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் வீட்டு அடுப்பில் தொடங்கிய மசாலாப் பொடி, இன்று தகரக் கூரை போட்ட நீளக் கூடம், ஆறு அடுப்பு, இரண்டு அரைவை மெஷின், பதினொரு பெண்கள் என்று வளர்ந்திருக்கிறது. ஆனாலும் அளவு என்ற சொல் மட்டும் அக்காவுக்கு ஆகாது.

"கொஞ்சம்னா எவ்ளோம்மா?" என்பாள் மகள்.

"கொஞ்சம்னா கொஞ்சம்தான். அதுக்கு மேல போனா நிறைய."

மகள் சும்மா கேட்கவில்லை. நாற்பது கடைகள் நடத்தும் நிறுவனம் ஒன்று அக்காவின் மாதிரிப் பாக்கெட்டை ருசி பார்த்துவிட்டு, மாதம் நாலு டன் கேட்டது. ஒரே நிபந்தனை. எந்தக் கடையில் எந்தப் பாக்கெட்டைப் பிரித்தாலும் அந்த மாதிரியின் ருசி இருக்கவேண்டும். நாலு டன் அள்ளுவதற்கு அக்காவுக்கு இன்னும் முப்பது கை முளைத்தாக வேண்டும். அது ஆகிற காரியமில்லை என்பதால், கையில் இருப்பதைத் தாளில் ஏற்ற வேண்டியதாயிற்று. சின்னத் தராசும் நோட்டுமாக அம்மாவின் பின்னாலேயே மூன்று மாதம் அலைந்தாள் மகள். ஒவ்வொரு பிடியும் தராசில் இறங்கிவிட்டுத்தான் வாணலிக்குப் போனது.

"என் கை பொய் சொல்லாதுடி" என்றாள் அக்கா.

சொல்லவும் இல்லை. ஒரு பிடி, இருபத்தெட்டு கிராம். காலை, மாலை, மழை, வெயில், எப்போதும் இருபத்தெட்டு. மகளுக்கே மலைப்பாக இருந்தது. ஆனால் சில நாட்களில் மட்டும் முப்பத்தொன்று, முப்பத்து நாலு என்று ஏறியது. மிளகாயின் ஈரமோ என்று பார்த்தாள், சாக்கை மாற்றிப் பார்த்தாள். கடைசியில்தான் பிடிபட்டது. அப்பா ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்ட நாள் முப்பத்தொன்று. மச்சினன் வீட்டுக் கல்யாணத்தை மறந்துபோன நாள் முப்பத்து நாலு.

"கோபம் வந்தா நீ அழுத்திப் பிடிக்கிறம்மா. பன்னெண்டு வருஷமா நம்ம வீட்டுச் சண்டைய ஊரே ருசி பார்த்திருக்கு."

அக்கா இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் முப்பத்து மூன்று.

அதற்குள் இருபத்தெட்டுக் கணக்கில் செய்தனுப்பிய பொடி இரண்டு தடவை திரும்பி வந்திருந்தது. மாதிரியில் இருந்த உறைப்பு இதில் இல்லை, அடுத்ததும் தவறினால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து வேலைக்கு வாருங்கள் என்று அக்கா வாக்குக் கொடுத்திருந்த பெண்கள் இருபது பேர். அந்த மாதிரியிலோ ஒரு சிட்டிகைகூட இங்கே மிச்சமில்லை.

"மாதிரி போட்ட அன்னைக்கு என்னம்மா நடந்துச்சு?"

பிடிக்காத பேச்சு வந்தால் அக்கா மிளகாய்க்குக் காம்பு கிள்ளத் தொடங்கிவிடுவாள். "ஒண்ணும் நடக்கல" என்று கிள்ளினாள். பத்துக் காம்புக்குப் பிறகு, "உங்கப்பாவக் கூப்பிடு" என்றாள்.

வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கூடத்தின் கடைசியில் உட்கார்ந்து, தும்மிக்கொண்டே பாக்கெட்டுகளுக்கு வாய் ஒட்டுகிறார். வந்து நின்றார்.

"என்னங்க, அன்னைக்குக் காலையில சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க."

"எத?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. மிளகாய் அள்ளணும், சொல்லுங்க."

பதினொரு பெண்களும் கரண்டியை நிறுத்திவிட்டார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார்: "பொடி விக்கிறதுக்குப் பேரு கம்பெனியா? நாலு பேரு சிரிப்பாங்க. பேசாம வீட்டோட கெட."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிடியைத் தராசில் வைத்தாள். இருபத்தேழு.

"இப்படியா சொன்னீங்க? நல்லா கோபமா சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வர மாட்டேங்குதும்மா. இப்ப அது பொய்."

அக்காவின் சிரிப்பு நின்றது.

"அப்போ அன்னைக்கு? அன்னைக்கு நெஜமாவே அப்படித்தான் நெனச்சீங்களா?"

அவர் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். கோபத்தில் வாய் தவறி வந்த பேச்சு என்றுதான் இத்தனை மாதமும் அவள் தன்னைத் தேற்றி வைத்திருந்தாள். மனதார நினைத்துத்தான் சொல்லியிருக்கிறார். அந்தக் காலைநேரத்தைவிட இப்போது அதிகமாக வலித்தது. கை தானாகச் சாக்குக்குள் போயிற்று. வெளியே எடுத்து இரண்டு முறை குலுக்கினாள். ஒன்றும் விழவில்லை. தராசின் மேல் கையைத் திறந்தாள்.

முப்பத்தொன்பது.

மகள் யாருடைய முகத்தையும் பார்க்காமல் எழுதிக்கொண்டாள்.

கையைத் திறந்தபோது தராசுக்கு வெளியே சிதறிய ஒற்றை மிளகாய் மேசை ஓரத்தில் கிடந்தது. வீட்டுக்காரர் அதை எடுத்தார். தராசு வரை கையைக் கொண்டுபோனவர், போடலாமா என்று தெரியாமல் அப்படியே நின்றார். மிளகாயக்கா அவரைப் பார்க்கவில்லை. தராசை மட்டும் அவர் பக்கமாக நகர்த்திவைத்தாள்.