ரோஜா சோப்பு போட்டுக் குளித்த குட்டிகள்

பெரியம்மா மகள் அக்காவுக்கு வரன் பேசியபோதுதான் அந்தப் பேர் முதல்முதலாகக் காதில் விழுந்தது. மாப்பிள்ளை பஸ் டிரைவர் என்று பெரியப்பா சொல்லி வாய் மூடவில்லை, "யாரு, அந்த ஹாரன்காரனா?" என்று அடுப்படியிலிருந்து சின்ன அத்தை கேட்டுவிட்டாள். முனை திரும்பினால் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹாரன் அடிப்பாராம். ஒரு தடவை நடுரோட்டில் தூங்கின நாய்க்கு அடித்துப் பார்த்து, அது அசையாததால் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய்த் தட்டி எழுப்பினாராம். சொந்தப் பேர் கல்யாணப் பத்திரிகையில் இருந்தது. அதற்கப்புறம் அதை யாரும் தேடவில்லை.

முப்பத்தோரு வருஷம் ஓட்டினார். ஓய்வு பெற்றதும், பஸ் கடைசியாகப் போய்த் திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கினார். இரண்டு அறை வீடு, தகரக் கொட்டகை, ஐந்து ஆடு, பதினோரு கோழி, முன்கோபக்கார வான்கோழி ஒன்று. மேயப் போன ஆடுகளைக் கூப்பிட, பழைய வண்டியில் கழற்றின ரப்பர் ஹாரன் ஒன்று. இரண்டு தடவை அமுக்கினால் அத்தனையும் வாசலில் வந்து நிற்கும்.

அக்கா மட்டும் வரவில்லை. அவள் பிறந்து வளர்ந்ததே ஆட்டுக்கொட்டகைக்கு ஒட்டின வீடு. விவரம் தெரிந்த நாள் முதல் கல்யாணம் வரைக்கும் புழுக்கை கூட்டினவள். "டிரைவருக்குக் கழுத்தை நீட்டினதே இதிலேருந்து தப்பிக்கத்தான். கிழவியானப்புறம் மறுபடியும் கொட்டகையா?" என்று டவுனில் மகள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். அவர் பதினைந்து நாளைக்கு ஒருமுறை சட்டையைத் துவைத்து மாட்டிக்கொண்டு அங்கே போவார். அக்கா மூக்கைப் பொத்துவாள். "லிப்டுல உங்ககூட ஏறினவங்க மூணாவது மாடியிலேயே இறங்கிட்டாங்க. அவங்க வீடு அஞ்சாவது மாடி."

இப்படியே இரண்டு வருஷம். கடைசியில் மனுஷன் ஒரு வார்த்தை சொன்னார்: "ஒரே ஒரு நாள் எல்லாருமா வந்து பாருங்க. பார்த்துட்டு உனக்கு வேணாம்னா, எல்லாத்தையும் வித்துட்டு இங்கேயே வந்துடறேன்."

"பேச்சு மாறக் கூடாது" என்றாள் அக்கா.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னேயே கொட்டகையைக் கழுவித் தள்ளினார். வெள்ளாடு குட்டி போட்டு மூன்று நாள். பேத்திகள் இரண்டும் கட்டாயம் குட்டிகளைத் தூக்கும், தூக்கினால் அக்கா மூக்குக்கு எட்டும் என்று யோசித்தார். கடை திறந்ததும் ஓடிப் போய் ரோஜா சோப்பு வாங்கி வந்தார். அக்கா வருஷக்கணக்காகத் தேய்த்துக் குளிக்கிற அதே சோப்பு. இரண்டு குட்டிகளையும் நுரை பொங்கக் குளிப்பாட்டித் துவட்டி, கூடையில் துணி விரித்து முன்னறை வெயிலில் படுக்கவைத்தார். அவை தூங்குகிற அழகைப் பார்த்தபோது, பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது அவருக்கு.

பத்து மணி பஸ்ஸில் அக்கா, மகள், மருமகன், பேத்திகள் இரண்டு பேரும் இறங்கினார்கள். மருமகன் புது ஷூவோடு வேலிப் படலைத் தாண்டினதுதான் தாமதம், வான்கோழி பின்னாலேயே வந்தது.

"ஓடாதீங்க மாப்பிள்ளை, ஓடினாத்தான் துரத்தும்!"

"நின்னா கொத்துது மாமா!"

பேத்திகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டன. பிறகு ஹாரன் அடித்து ஆடுகளை வரவழைப்பதும், வந்ததுக்குத் தழை கொடுப்பதும், மறுபடி விரட்டி மறுபடி ஹாரன் அடிப்பதுமாக ஆடுகளை ஒரு வழி பண்ணின. அக்கா சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வந்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தார்.

சின்னப் பேத்தி கூடையிலிருந்து ஒரு குட்டியைத் தூக்கி வந்தது. "பாட்டி, இது உன்ன மாதிரியே மணக்குது!"

அக்கா நின்றாள். "என்னங்க, இதுங்களைக் குளிப்பாட்டினீங்களா?"

"ஆமா. உன் சோப்புதான்" என்றார் பெருமையாக.

"அதுக்கப்புறம் பால் குடிச்சுதா?"

"தூங்குதேன்னு விட்டுட்டேன்."

அக்கா இரண்டையும் எடுத்துத் தாயிடம் கொண்டுபோய் விட்டாள். வெள்ளாடு மோந்து பார்த்தது, பின்னால் போனது, முட்டித் தள்ளியது. சின்னது உருண்டு விழுந்தது. குட்டிகள் காலடியில் நிற்க, தாய் கழுத்தை நீட்டி வாசல் பக்கம் பார்த்து அவற்றைத்தான் கூப்பிட்டுக் கத்தியது.

"அது மூக்காலதாங்க பிள்ளையை அடையாளம் பார்க்கும். நீங்க என்னையில்ல கொண்டுபோய்க் காட்டியிருக்கீங்க!"

அவர் உருண்டு விழுந்த குட்டியைத் தூக்கினார். இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கோழியைக்கூட அடிக்காதவர். "செத்துடுமா?"

"வாயை மூடிட்டு வெந்நீர் வைங்க."

சோப்பு வாசம் போக வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினாள். தாயின் பாலையே உள்ளங்கையில் கறந்து, குட்டிகளின் தலையிலும் முதுகிலும் வாலடியிலும் பூசினாள். அவரைக் குட்டியைக் காம்பில் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஆட்டின் கழுத்தைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டாள். பிடித்தால் குடித்தன, விட்டால் முட்டியது. கொட்டகையில் வந்து நிற்கவே மாட்டேன் என்றவளின் சேலையெல்லாம் புழுக்கை.

நாலரை மணிக்கு மகள் எட்டிப் பார்த்தாள். "அம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு. அப்பா பார்த்துக்குவாரு."

"உங்கப்பா பார்த்துக்கிட்ட லட்சணத்தைத்தான் பார்த்தோமே. இதுக்கு ரெண்டு ஆள் வேணும். நீங்க கிளம்புங்க."

அவர் தலை நிமிராமலே சொன்னார்: "நான் பேச்சு மாற மாட்டேன். குட்டிங்க தேறினதும் எல்லாத்தையும் வித்துடறேன்."

"முதல்ல அந்தச் சின்னதைப் பிடிங்க. நழுவுது."

பஸ் திரும்பும்போது ஹாரன் அடித்தது. தினமும் பதிலுக்கு ரப்பர் ஹாரனை அமுக்குகிறவர், அன்றைக்கு மட்டும் அமுக்கவில்லை.

அக்கா நாலு நாள் இருந்தாள். வேளை தவறாமல் அவள் பிடிக்க அவர் ஊட்ட, பெரிய குட்டியை மூன்றாம் நாள் தாய் சேர்த்துக்கொண்டது. நாலாம் நாள் காலையில் சின்னதின் வாலடியை மோந்து, தொண்டைக்குள்ளேயே மெல்லக் கனைத்து, கால் அகற்றி நின்றது. அக்கா அதைப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினாள். "பத்து மணி பஸ் இருக்கில்ல?"

நிறுத்தத்தில் நிற்கும்போதுதான் அவருக்கு வாய் வந்தது. "விக்கட்டுமா?"

"வேணாம். வாங்கறவன் உங்களைவிட மோசமா இருந்தா? நான் இங்க குடித்தனம் பண்ண வர மாட்டேன், அதை விட்டுடுங்க. ஆடு குட்டி போடற நேரத்துக்கு முன்னாலேயே சொல்லி அனுப்புங்க, வர்றேன். சோப்பு மட்டும் வாங்கினீங்க, தெரியும் சேதி."

அன்றைக்கு லிப்டில் அவளோடு ஏறின இரண்டு பேர் மூன்றாவது மாடியிலேயே இறங்கிவிட்டார்களாம். அக்காவே சொல்லிச் சிரித்தாள்.

ஹாரன்காரருக்கு இப்போது எழுபத்தாறு வயது. ஆடு பதினாலு ஆகிவிட்டது. அதே நிலத்தில், அதே இரண்டு அறை வீட்டில்தான் இருக்கிறார்.