கையை எடுத்தும் நிற்காத சத்தம்

பத்திரிகை ஆசிரியர் அவர்களே, முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன், எந்த 'ர' எங்கே வரும் என்று இன்றும் தடுமாறுவேன். எழுத்துப் பிழைகளைத் தாராளமாகத் திருத்துங்கள். நடந்ததை மட்டும் திருத்திவிடாதீர்கள். ஏன் இப்படிக் கேட்கிறேன் என்று படித்தால் தெரியும்.

இரண்டு வருடங்களுக்கு முன் இங்கே மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ்டவுனில் நடந்தது. நான் ஜெலுத்தோங்கில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வாசிப்போம். கிட்டார் என் சிறுவயது நண்பன், ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறான். டிரம்ஸ் அடிப்பவர் மார்க்கெட்டில் மீன் விற்கும் சீனர். கீபோர்டு நான். புரோகிரசிவ் ராக் என்பார்கள். ஒரு பாட்டே இருபது நிமிடம் போகும், நடுவில் தாளம் மாறும், பாடுவது நின்று வாத்தியம் மட்டும் கதை சொல்லும். அந்தப் பழைய வெள்ளைக்காரக் குழுக்களின் ஆர்கன் சத்தத்தை வாலிப வயதில் கேசட்டில் கேட்டபோது, ஒரு வார்த்தை புரியாமலே நாடா தேயும்வரை திரும்பத் திரும்பப் போட்டேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன் நான். கீபோர்டுக்குப் பின்னால் நின்றால் மட்டும் எனக்கும் பேச்சு வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

எங்கள் பாட்டு, சுங்கை பினாங்கில் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்ததைப் பற்றியது. நான் வளர்ந்த இடம் அது. நடுவில் ஆறு நிமிடம் கீபோர்டு மட்டும். அடியில் ஒரு கனத்த சுரம், தண்ணீர் ஏறுவது போல விடாமல் ஒலிக்க வேண்டும். அதன் மேல் இரண்டு கையும் அழ வேண்டும். மூன்றாவது கைக்கு எங்கே போவது? பழைய டயர் டியூபில் ஒரு துண்டு வெட்டி, அந்தச் சுரத்தின் கட்டையை அழுத்திப் பிடித்து, அதற்கும் பக்கத்துக் கட்டைக்கும் இடையில் செருகிவிடுவேன். கையை எடுத்தாலும் சத்தம் நிற்காது. பஜனையில் சுருதிப் பெட்டி ஒலிப்பது போல ஒலித்துக்கொண்டே இருக்கும்.

பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் எங்கள் முதல் நிகழ்ச்சி. ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து ஒரு நிருபர் வந்திருந்தார். இளைஞர், தமிழர்தான். எங்களைப் பற்றி எழுத ஒருவர் வந்தது அதுவே முதல் தடவை. அந்த இடம் வந்ததும் ரப்பரைச் செருகினேன். அடிச் சுரம் கொஞ்ச நேரம் தனியாக நிற்கட்டும் என்று கையை எடுத்து, தோளில் கிடந்த, 'குட்மார்னிங்' என்று அச்சடித்த வெள்ளைத் துண்டால் முகத்தைத் துடைத்தேன். நிருபர் என்னைப் பார்த்துச் சிரித்தார், எதையோ குறித்துக்கொண்டார், எழுந்து போனார். கழிவறைக்குப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வரவே இல்லை. நான் வாசித்து முடித்தபோது முன் வரிசையில் ஒரு சீன அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் பத்திரிகையில் அரைப் பக்கம். பெரிய படம், அதில் நானும் இருந்தேன். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அதை யாரிடமும் சொல்ல வெட்கம். வெட்டி எடுத்து, லேமினேட் செய்து, ஒர்க்‌ஷாப் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினேன். வந்தவர்கள் படித்தார்கள். சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஸ்கூட்டருக்கு எண்ணெய் மாற்ற ஒரு நர்ஸ் வந்தார். வாடிக்கையாக வருகிறவர், மிஸ்ஸி என்று கூப்பிடுவேன்.

"அண்ணே, இத படிச்சிட்டா மாட்டுனீங்க?"

"படம் நல்லா வந்திருக்குல்ல மிஸ்ஸி?"

"படம் நல்லாத்தான்ணே இருக்கு..." என்று இழுத்தார்.

என் முகத்தைப் பார்த்து அவருக்குப் புரிந்துவிட்டது. படித்துத் தமிழில் சொன்னார். கீபோர்டு சத்தம் சாவு வீட்டு ஒப்பாரியாம். அதையும் யாரும் வாசிக்கவில்லையாம். ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, ஒரு மெக்கானிக் துண்டால் முகம் துடைத்துக்கொண்டு நின்றாராம்.

பதினைந்து நாள்! என்னைக் கேலி செய்த காகிதத்தை என் காசில் லேமினேட் போட்டு, என் சுவரிலேயே மாட்டி வைத்திருக்கிறேன். கடையை அப்படியே விட்டுவிட்டு கிட்டார் நண்பன் வீட்டுக்குப் போனேன்.

"தெரியும்டா" என்றான்.

"தெரிஞ்சும் சும்மா இருந்தியா?"

"லேமினேட் பண்ணி எடுத்துட்டு வந்து நிக்கிற. உன் மூஞ்சப் பாத்து எப்படிலா சொல்றது? மீன்காரரும் நீ சொல்லு, நீ சொல்லுன்னு என் தலையில கட்டிட்டாரு."

"நீங்க ரெண்டு பேரும் பாவம் பாத்தீங்க. எனக்கு மானம் போச்சு."

மறுநாள் காலையில் கீபோர்டையும் சின்ன ஸ்பீக்கரையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு அந்தப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். வரவேற்பில் இருந்த மலாய்ப் பெண் என்ன வேண்டும் என்று கேட்டார். பதிலுக்கு நான் பிளக் இருந்த இடத்தைத் தேடிச் செருகினேன். விருந்தினர் மேசையில் கீபோர்டை வைத்து, ரப்பரைத் திணித்து, போலீஸ் முன்னால் நிற்பவன் போல இரண்டு கையையும் மேலே தூக்கினேன். சத்தம் நின்றபாடில்லை. பிறகு கையை இறக்கி ஆறு நிமிடமும் வாசித்தேன். வெளியே தள்ள வந்த காவலாளி பாதி வழியில் நின்றுவிட்டார். உள்ளேயிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் அந்த நிருபரும் வந்தார்.

"சாரிண்ணே. கை ரெண்டும் கீபோர்டுல இல்ல, சத்தம் மட்டும் வந்துச்சு. அதான் ரெக்கார்டிங்னு நெனச்சிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. தமிழ்லயே கேட்டிருக்கலாமே."

"டைம் இல்லண்ணே, வேற புரோகிராம் போக வேண்டியிருந்துச்சு."

"ஒப்பாரின்னு எழுதிட்டீங்க. அழுவுற எடம் வர்றதுக்கு முன்னாடியே எந்திரிச்சுப் போய்ட்டீங்களே தம்பி!"

என் ஆயுளில் வெளியாள் ஒருவரிடம் நான் குரல் உயர்த்தியது அன்றுதான். திருத்தம் போடச் சொல்கிறேன் என்று அவர் குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் திருத்தம் வந்தது. பழைய கார் விளம்பரத்துக்குக் கீழே இரண்டு வரி, அன்று கீபோர்டு நேரடியாகத்தான் வாசிக்கப்பட்டது என்று. மிஸ்ஸிதான் படித்துச் சொன்னார். ஒப்பாரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பொய்க்குப் படத்தோடு அரைப் பக்கம், உண்மைக்கு இரண்டு வரி. என்ன நியாயம் இது?

அந்த இரண்டு வரியையும் லேமினேட் செய்தேன். தீப்பெட்டி அளவுதான். அரைப் பக்கத்துக்குக் கீழே அதையும் அன்று செருகிய ரப்பர்த் துண்டையும் சேர்த்து ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். சிரிக்கிறவர்கள் முழுவதையும் படித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

ஆனால் ஒன்று. அவர் கேட்காமல் எழுதினார் என்று கோபப்படுகிற நான், முதல் நாளே யாரிடமாவது கொடுத்து "இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்கவில்லை. அவருக்கு நேரமில்லை, எனக்கு வெட்கம். இப்போது எந்தக் காகிதம் வந்தாலும் கேட்டுவிடுகிறேன். கேட்கும்போதெல்லாம் காது சூடாகிறது. இருந்தாலும் கேட்கிறேன், அந்தப் பதினைந்து நாளை இன்னொரு முறை என்னால் தாங்க முடியாது. நீங்களும், இதில் ஏதாவது புரியவில்லை என்றால், தயவுசெய்து என்னைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

இரண்டு வருடம் தள்ளிப்போட்டு இதை எழுதி முடித்தது, ஆகஸ்ட் மாதத்து மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, அதே பாட்டை வாசித்துவிட்டு வந்த பிறகு.