வேலைக்கு வந்துவிட்ட ஜுரேமா

எங்கள் ஊர்ச் செருப்புத் தொழிற்சாலையை இழுத்து மூடிய வருஷம், தலைநகர் பிரேசிலியாவில் ஊழலை ஒழிப்பது பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசியவர்களில் பாதிப் பேர் மேல் வழக்கு இருந்தது. தோல் தைத்தே பாதி ஆயுளைக் கழித்த ஜுரேமாவுக்கு அந்தப் பேச்சைக் கேட்க நேரமில்லை. வேலையிழந்தோருக்கான உதவிப்பணம் வந்தால்தான் வீட்டில் அடுப்பெரியும்.

உதவி அலுவலகத்துப் பெண் கணினியைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தாள். ஜுரேமாவுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறதாம். நகரசபை உறுப்பினர் வால்டெமிருக்கு நான்கு வருஷமாக ஆலோசகராம். அப்போதுதான் ஜுரேமாவுக்கு உறைத்தது. தேர்தலின்போது பல்செட் கட்டித் தருவதாகச் சொல்லி அந்த ஆள் அவளுடைய அடையாள அட்டையின் நகலை வாங்கிப் போயிருந்தார். பல்செட் வரவில்லை. சம்பளம் வந்திருக்கிறது, அவருக்கு.

வேறொருத்தி என்றால் பத்திரிகைக்கு ஓடியிருப்பாள். எங்கள் ஊர்ப் பத்திரிகை வால்டெமிரின் மைத்துனருடையது. ஜுரேமா மறுநாள் காலை தலைவாரி, நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

வால்டெமிருக்குப் பத்து ஆலோசகர்கள். நகரசபையில் அவர் அறையில் இருந்ததோ இரண்டு நாற்காலி. ஆலோசகர் ஒருவருமே வராத இடத்தில் அதுவே அதிகம்தான். யாரைப் பார்க்க வேண்டும் என்று செயலாளர் சொராயா கேட்டாள்.

"யாரையும் பாக்க வரலம்மா. இங்கதான் வேலை பாக்குறேன். ஜுரேமா."

சம்பளச் சீட்டில் அந்தப் பெயரை மாதாமாதம் எழுதிவந்த சொராயாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

ஜுரேமா உட்கார்ந்தாள். தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை என்று வந்தவர்களிடம் விசாரித்தாள், போன் போட்டாள், விடாமல் நச்சரித்தாள். மேட்டுத் தெருவில் தண்ணீர் வந்தே விட்டது. மாதாகோயில் வாசலில் ஜனங்கள் வால்டெமிரின் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். எதற்கென்று தெரியாமல் மனிதர் மிரண்டுபோனார்.

அவர் பள்ளிப்படிப்பையே முடிக்காதவர். பதவிக்கு வந்ததிலிருந்து எங்களுக்கு டாக்டர்; பெரிய மனிதர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். அந்த டாக்டர் ஜுரேமாவைக் கூப்பிட்டு, காப்பி வரவழைத்து, குழைந்தார்.

"எதுக்குக்கா இந்த அலைச்சல்? பேசாம வீட்லயே இருங்க. உங்களுக்கு ஏதாச்சும் பாத்துப் பண்றேன்."

"ஒண்ணு சம்பளத்த என் கையில குடுங்க டாக்டர். இல்லன்னா வேலையை விட்டு எடுத்துருங்க, உதவிப்பணமாச்சும் வரும்."

எடுத்துவிட்டார். மறுநாளே உத்தரவு வந்தது. ஜுரேமா அதை எடுத்துக்கொண்டு நேரே உதவி அலுவலகத்துக்குப் போனாள். அதே பெண் வாசித்தாள். நான்கு வருஷத்தில் ஒருநாள்கூட வேலைக்கு வராத குற்றத்துக்காக நீக்கம். குற்றம் செய்து வேலை போனவர்களுக்கு உதவிப்பணம் கிடையாது.

அந்தப் பெண் நல்லவள். நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

"இப்படி வேலைக்கே போகாம இருந்தா நாங்க என்னம்மா பண்றது?"