ஈயின் மரபணுவும் என் பொறாமையும்

மூன்று வருடங்களுக்கு முன், ராயபுரத்திலிருந்து கல்லூரிக்குப் போய் எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். காசிமேட்டில் காயும் கருவாட்டில் மொய்க்கும் ஈக்களைப் பிடித்து, டி.என்.ஏ. வரிசையைப் படித்து, அவை என்ன இனம் என்று கண்டுபிடிப்பதுதான் ப்ராஜெக்ட். என்னோடு சேர்ந்து செய்தவள் காசிமேட்டுப் பெண். அவள் அம்மா மீன் விற்பவர்.

வகுப்பில் நான்தான் முதல் மார்க். ஆனால், லேபில் எல்லாம் அவள் கைக்குத்தான் படிந்தது. ஈயின் ஒரு காலைக் கிள்ளி அரைப்பாள். கடைசியில் விளக்கடியில் வைத்துப் பார்த்தால், அவள் மாதிரிகளில் டி.என்.ஏ. பளிச்சென்று கோடாகத் தெரியும். என்னுடையவை வெறும் இருட்டு. "அவளைப் பார்த்துக் கத்துக்கோம்மா" என்று பேராசிரியை சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மாலை, அம்மாவுக்குக் காய்ச்சல் என்று போன் வர, அவள் அவசரமாகக் கிளம்பினாள். ஃப்ரீசரில் இருக்கவேண்டிய, வெளியே விட்டால் கெட்டுவிடும் அவளுடைய என்சைம் குப்பி மேஜையிலேயே நின்றது. பார்த்தேன். எடுத்து உள்ளே வைக்க அரை நிமிடம் ஆகாது. பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் அவளுக்கும் இருட்டு. "நான்தான் மேடம் மறந்து வெளிய வெச்சிட்டேன்" என்று தலைகுனிந்து நின்றாள். எனக்குள் சந்தோஷமாக இருந்தது. எழுதவே கூசுகிறது.

அந்த வாரமே, அதிசயமாகத் தேறிய என் ஒரே மாதிரியின் முடிவு வந்தது. பேராசிரியை கணினியைப் பார்த்துவிட்டு, "இது ஈ இல்லம்மா, மனுஷ டி.என்.ஏ. உன்னோடதாத்தான் இருக்கும்" என்றார். கையுறை போடாமல் வேலை பார்த்த லட்சணம். லேபே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"வுடு. காலைல எங்க வூட்டாண்ட வா, புதுசா புடிச்சிக்கலாம்" என்றாள்.

அதற்குமேல் தாங்கவில்லை. குப்பி விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"பாத்துகினேதான் போனியா?"

"ஆமா."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டேதான் மறுநாள் காலை காசிமேடு போனேன். வலையோடு நின்றிருந்தாள். அதை என் கையில் திணித்து, "நீயே புடி. நான் இன்னா உனுக்கு வேலக்காரியா?" என்றாள். பிறகு பல வாரங்கள் வேலையைத் தவிர வேறு பேச்சில்லை. ப்ராஜெக்டை இருவரும் முடித்தோம்.

இப்போது அவள் வெளியூரில் ஆராய்ச்சி மாணவி. அவள் கட்டுரை வெளியானதாகத் தகவல் வந்தால் இன்றும் எனக்குச் சுருக்கென்கிறது. உடனே வாழ்த்து அனுப்பிவிடுகிறேன், அரை நிமிடம் தாமதித்தால் நான் என்ன ஆவேன் என்பது எனக்குத் தெரியும்.