மூடுபனியில் ஒரு தொடக்கம்

இரண்டு தரம் கரு தங்காமல் போயிருந்ததால், இந்தத் தடவை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. முதல் ஸ்கேனுக்காக நானும் மனைவியும் பொகவந்தலாவையிலிருந்து டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் காலை பஸ்ஸில் புறப்பட்டோம்.

பாதி வழியில் மூடுபனி இறங்கியது. பஸ் நின்றது. ஜன்னலுக்கு வெளியே தேயிலை இல்லை, மலை இல்லை, ரோட்டின் விளிம்புகூட இல்லை. எல்லாம் வெள்ளை. நாங்கள் எதன்மேலும் நிற்காமல் மிதப்பதுபோல் இருந்தது.

"கொஞ்சம் வெளுக்கட்டுங்க," என்றார் கண்டக்டர்.

நான் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவன், விஞ்ஞான ஆசிரியர். அவள் யாழ்ப்பாணத்துக்காரி, என் பள்ளிக்கூடத்திலேயே கணிதம் படிப்பிக்கிறாள். அவளுக்குக் கடவுள் உண்டு. எனக்கு இல்லை.

"இஞ்சேருங்கோ, இந்தப் பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் இருந்ததெண்டு நீங்கள்தானே பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறியள்," என்றாள் மெதுவாக. "அப்ப தொடக்கினவர் ஒருத்தர் இருக்கத்தானே வேணும்?"

"அவர யாரு தொடக்கி வச்சாங்க?"

"அவருக்குத் தொடக்கமில்லை. தொடங்கின ஒண்டுக்குத்தான் காரணம் தேவை."

"காலமே அப்பதானே தொடங்குச்சு. அதுக்கு முந்தி யாரு இருந்தாங்கன்னு எப்புடிக் கேக்குறது?"

அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பயம், அதனால்தான் பேசுகிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் கையின்மேல் என் கையை வைத்தேன்.

வெளியே ஒரு மரம் தோன்றியது. பிறகு ஒரு தேயிலை நிரை, அதற்கும் அப்பால் லயத்துக் கூரைகள். யாரோ யோசித்து யோசித்து வைப்பதுபோலவும் இருந்தது, தானாக வருவதுபோலவும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். மங்கலான சாம்பல் நிறத்துக்குள் ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கூட்டினார். குதிரை ஓடுவதுபோல் அறை முழுக்கக் கேட்டது. மனைவி அழுதாள். அது எப்படித் துடிக்கத் தொடங்குகிறது என்று பாடம் நடத்தத் தெரிந்த நான் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்ததும் சொன்னேன்: "யாருக்காவது நன்றி சொல்லணும் போல இருக்கு. யாருக்குன்னுதான் தெரியல."

"சொல்லுங்கோ. ஆருக்கெண்டு பிறகு பாப்பம்."

திரும்பும் வழியில் அவள் என் தோளில் உறங்கிவிட்டாள். நான் உதடசையாமல் ஒரு தரம் சொல்லிக்கொண்டேன். மகள் இப்போது வீடெல்லாம் ஓடித் திரிகிறாள். கடவுள் விஷயத்தில் நாங்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.