பெர்னதெத் கொண்டுவந்த காகிதம்

சேதராப்பட்டில் சாக்லேட் சுற்றும் மினுமினுப்புக் காகிதம் செய்கிற ஒரு கம்பெனியில் பெர்னதெத் ஒப்பந்தக் கூலி. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவரும் எட்டாவது படிக்கும் மகள் ஜெர்லினும்தான். வருகிற ஜனவரியில் வேலையை நிரந்தரம் ஆக்குகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு சொல்லுக்காகக் காய்ச்சலோடும் ஷிப்ட் பார்த்த மனுஷி அவர்.

அந்தக் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. குப்பைக்குப் போகிற காகித ஓரத்தைக்கூட வெளியே எடுத்துப் போகக்கூடாது. எடுத்தால் திருட்டு, அன்றைக்கே வேலை போய்விடும். லாரி லாரியாக எரிக்க அனுப்புவார்களாம், ஒரு பிள்ளை விளையாடக் கொடுக்கமாட்டார்களாம். ரொம்பத்தான் தாராள மனசு!

டிசம்பரில் உழவர்கரையில் ஒரு நகர் நலச் சங்கம் பள்ளிகளுக்குக் கிறிஸ்துமஸ் மரம் ஜோடிக்கும் போட்டி வைத்தது. கடை அலங்காரம் கூடாது, கழித்துப்போட்ட பொருளில்தான் செய்ய வேண்டும். ஜெர்லின் வகுப்புக்கு ஒரு சவுக்குக் கிளை வந்தது. படம் வரைவதில் கெட்டிக்காரி என்று அவளையே தலைவி ஆக்கினார்கள். அதுவரை அவளை யாரும் எதற்கும் முன்னே நிறுத்தியதில்லை.

"பளபளன்னு எதனா வேணும்மா. நம்மகிட்ட என்னா இருக்குது?" என்று வீட்டில் வந்து கேட்டாள்.

பெர்னதெத்துக்கு மனசு கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்கக் காகித ஓரங்களைச் சுருட்டிக் கொண்டைக்குள் செருகிக்கொண்டு வந்தார். வாசலில் சோதிக்கிற பெண் இடுப்பைத் தடவினாள், பையைக் கவிழ்த்தாள், தலையைத் தொடவில்லை.

மகளிடம், "கம்பெனில கேட்டேன்டி, எடுத்துக்கோன்னு குடுத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டார். அங்கேதான் தப்பு நடந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால், செய்த பாவங்களைச் சர்ச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப்போவார்கள். திருட்டுச் சாமான் என்று தெரிந்தால் ஜெர்லின் சாமியாரிடம் ஒப்பித்துவிட்டு மரத்தையும் கலைத்துவிடுவாள், அப்படிப்பட்ட பிள்ளை. பாவம் தன்னோடு போகட்டும் என்று தாய் நினைத்தார்.

மரத்துக்கு முதல் பரிசு. போட்டிக்குப் பணம் கொடுத்ததே பெர்னதெத்தின் கம்பெனிதான்; பரிசு கொடுக்க வந்தவர் அதன் மேனேஜர். மேடையில் மைக்கை நீட்டி, "இவ்ளோ பேப்பர் எங்கருந்து பாப்பா கெடச்சுது?" என்றார்.

"உங்க கம்பெனிதான் சார் குடுத்துச்சி. எங்கம்மா அங்கதான் வேலை செய்றாங்க. பேரு பெர்னதெத்."

அவர் சிரித்துக்கொண்டே கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். கூட்டத்தில் நின்ற பெர்னதெத்துக்கு மட்டும் கை எழவில்லை.

மறுநாள் காலை அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு அவரை வெளியே அனுப்பினார்கள். மகளிடம் சொல்லவில்லை. பரிசு வாங்கிய சந்தோஷத்தைப் பிள்ளை கிறிஸ்துமஸ் வரைக்குமாவது அனுபவிக்கட்டும் என்று, தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பி, வேலை கேட்டுக் கம்பெனி கம்பெனியாக அலைந்தார்.

கேடுகெட்டவர்கள் அதோடு விட்டார்களா? மரம் அழகாக இருக்கிறது, எங்கள் வரவேற்பறையில் வைக்க வேண்டும் என்று பள்ளிக்குச் சொல்லி அனுப்பினார்கள். டீச்சர் ஜெர்லினை வேனில் கூட்டிப்போனார். மரத்தை நிறுத்தி, கசங்கிய காகிதங்களை நீவிக்கொண்டே ஜெர்லின் அங்கிருந்த சூப்பர்வைசரிடம் ஆசையாகக் கேட்டாள்.

"எங்கம்மாவ கொஞ்சம் கூப்புடுங்க சார். அவங்களும் பாக்கட்டும்."

"உங்கம்மாவா? இத திருடனதுக்குத்தான வேலைய விட்டு நிறுத்துனோம்? நீதான மைக்குல சொன்ன?"

ஜெர்லின் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். "மேல ஸ்டாரு கோணலா இருக்கு. சரி பண்ணிட்டு வா, கெளம்பலாம்" என்றார். ஜெர்லின் நாற்காலியில் ஏறிச் சரிசெய்தாள்.

சாயங்காலம் பெர்னதெத் வழக்கமான நேரத்துக்கு வீடு வந்தார். ஜெர்லின் டிபன் பாக்ஸை வாங்கிக் கழுவப் போட்டாள்.

"இன்னிக்கி வேலை அதிகமாம்மா?"

"ஆமாண்டி. ஒக்காரக்கூட நேரமில்ல."

"கால நீட்டும்மா, புடிச்சி உடறேன்" என்றாள் ஜெர்லின்.