துரைசானி படுத்த கட்டில்

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸுக்கு மாற்றலாகிப் போனபோது நான் நிறைமாதக் கர்ப்பிணி. பாதி வழியில் ரயில் நின்றுவிட்டது. ஆற்று வெள்ளம் தண்டவாளத்தை மூடியிருந்தது. ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த என் கணவர் யார் யாரையோ கெஞ்சி, மேட்டிலிருந்த அரசாங்க ஓய்வு பங்களாவில் இடம் வாங்கினார். மற்ற அறைகளில் துரைமார் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, இருப்பதிலேயே பெரிய அறை எங்களுக்குக் கிடைத்தது.

"கவர்னர் துரை தங்குன ரூமும்மா. இந்தக் கட்டில்லதான் படுத்தாரு" என்றார் பங்களாவைப் பார்த்துக்கொண்ட தமிழர்.

"அப்புறம் ஏன் காலியா கிடக்கு?"

அவர் என் வயிற்றைப் பார்த்தார். சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் கணவர் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். பெருக்க வந்த ஆயா, நான் கட்டிலில் படுத்திருப்பதைக் கண்டு துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"எந்திரிங்கம்மா. கீழ பாய் விரிச்சுத் தரேன்."

நான் விடாமல் கேட்ட பிறகுதான் சொன்னாள். ரப்பர் தோட்டத்துத் துரைசானி ஒருத்தி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகும் வழியில், இதே போன்ற மழையில் இங்கே மாட்டிக்கொண்டாளாம். இந்தக் கட்டிலில் பிள்ளை பிறந்தது. தாய் பிழைக்கவில்லை.

"புள்ளை?"

"பொழச்சுது. எனக்கு அப்பக் கைப்புள்ளை. துரை ஆளனுப்பிக் கூப்பிட்டாரு. முடியாதுன்னு சொல்ல முடியுமா? என் பாலைக் குடுத்தேன்."

"உங்க புள்ளைக்கு, அக்கா?"

"கஞ்சித்தண்ணி." கொசுவலையை இழுத்துச் சொருகினாள். "துரை புள்ளையைத் தேத்திக் கப்பல் ஏத்துனாங்க. அதுக்கு முந்தியே என்னுது போயிருச்சு."

அதன்பின் அந்தக் கட்டில் பக்கமே நான் போகவில்லை. கணவர் திரும்பியதும் அழுதேன். "பழைய கதைக்குப் பயப்படலாமா?" என்றவர், பாயை வராந்தாவுக்கு எடுத்துப்போனார். அவரும் உள்ளே படுக்கவில்லை. வெள்ளம் வடிந்து கிளம்பும்போது ஆயாவை எங்களுடன் வரச்சொன்னேன்.

"என் புள்ளையப் பின்னால ரப்பர் காட்டுலதான் பொதைச்சிருக்கு. நான் எங்கம்மா வர்றது?"

பிரிக்பீல்ட்ஸில் எனக்குப் பெண் பிறந்தாள். பால் ஊறவில்லை. குழந்தைக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. கைக்குழந்தைக்காரியான பக்கத்து வீட்டுப் பெண் தானாகவே வந்து கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

"ஏன்க்கா, நான் குடுத்தா ஆகாதா?" அவள் முகம் சுருங்கிவிட்டது.

"மொதல்ல உன் புள்ளைக்குக் குடு. அது வயிறு நெறையட்டும்."

"எனக்கு ஏராளமா இருக்கு, அக்கா."

இருந்தாலும் நான் கேட்கவில்லை. அவள் தன் மகனைத் தூக்கி வந்து, அங்கேயே உட்கார்ந்து பசியாற்றினாள். அவன் தூங்கிப்போன பிறகுதான் என் மகளை அவள் மடியில் வைத்தேன்.